கைவிட்டுப் பறத்தல்

1914 ஜூன் 18. பாரிஸுக்கு வெளியே பெஸோன் என்ற ஊர், செய்ன் நதிக்கரை. விமானங்களைப் பாதுகாப்பானவையாக மாற்றும் கண்டுபிடிப்புகளுக்கான போட்டி நடக்கிறது. பரிசு 50,000 ஃபிராங்க். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த லாரன்ஸ் ஸ்பெர்ரிக்கு அப்போது 21 வயது. கர்டிஸ் படகு விமானம் ஒன்றை நதிக்கு மேலே தாழ்வாக ஓட்டிக்கொண்டு வந்தவர், நடுவர்கள் இருந்த இடத்தை நெருங்கும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அடுத்த சுற்றில் அவருடைய மெக்கானிக் எமில் காஷான் இருக்கையை விட்டு எழுந்து இறக்கையின் மேல் நடந்து போனார். ஒரு பக்கம் எடை கூடினால் விமானம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சாயவில்லை. உள்ளே சுழன்றுகொண்டிருந்த கைரோஸ்கோப்புகள் சாய்வை உணர்ந்து, அவையே இறக்கைகளைச் சரிசெய்துகொண்டன. பரிசு ஸ்பெர்ரிக்குக் கிடைத்தது.

ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து அப்போது பத்தரை வருடம்தான் ஆகியிருந்தது. மனிதன் பறக்கக் கற்றுக்கொண்ட கையோடு, கையை எடுத்துவிட்டுப் பறக்கவும் கற்றுக்கொண்டுவிட்டான். கையை எடுத்தால் விமானம் என்ன ஆகும் என்பதுதான் அன்று கூட்டத்தை ஈர்த்த கேள்வி. எடுத்த கை என்ன ஆகும் என்ற கேள்வி பெரிதாக எழ இன்னும் எழுபது வருடம் ஆனது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மனிதர்கள் செய்துகொண்டிருந்ததை இயந்திரத்திடம் ஒப்படைப்பதுதான் என் தொழிலின் சாரம். அதனால் இந்த இரண்டாவது கேள்வியை வெறும் விமானக் கதையாக என்னால் படிக்க முடிவதில்லை. இந்தச் சிக்கலை எங்களுக்கு முன்பே சந்தித்து, உயிர்களை விலையாகக் கொடுத்து, அதையெல்லாம் அறிக்கையாக எழுதியும் வைத்திருக்கும் துறை விமானத்துறை.

உடம்பு சொல்லும் பொய்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "கையால் ஓட்டுவது" என்றதும் நமக்குத் தோன்றுவது சைக்கிள் மாதிரி ஒரு பழக்கம். ஒருதடவை வந்துட்டா போகாது, உடம்பே பார்த்துக்கும். ஆரம்பகால விமானிகளும் அப்படித்தான் நம்பினார்கள். இருக்கையில் உடம்பு அழுந்துவதை வைத்தும், முகத்தில் மோதும் காற்றை வைத்தும் விமானத்தின் நிலையைச் சொல்லிவிடலாம் என்பது அன்றைய வீரத்தின் ஒரு பகுதி.

அதை உடைத்தவர்களில் ஒருவர் அமெரிக்க ராணுவ விமானி வில்லியம் ஆக்கர். 1920களில் அவர் பயன்படுத்தியது ஒரு சுழல் நாற்காலி. விமானியின் கண்ணைக் கட்டி உட்காரவைத்து மெதுவாகச் சுற்றுவார்கள். ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றினால், சுற்றுவதே தெரியாது. சுற்றுவதை நிறுத்தினால், எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல் இருக்கும். உள்காதில் இருக்கும் திரவம் செய்கிற வேலை இது. மேகத்துக்குள் போன விமானிக்கும் இதுதான் நடக்கும். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டே இறங்கும். உடம்போ "நேராத்தான் போறோம்" என்று சத்தியம் செய்யும். மேகத்துக்குள் நுழைந்த பல நல்ல விமானிகள் அந்தச் சத்தியத்தை நம்பித்தான் செத்தார்கள்.

ஆக, கைத்திறன் என்பதன் முதல் பாடமே உடம்பை நம்பாதே என்பதுதான். 1929 செப்டம்பரில் ஜிம்மி டூலிட்டில் மூடிய காக்பிட்டுக்குள் உட்கார்ந்து, கருவிகளை மட்டுமே பார்த்து ஏறி, பறந்து, இறங்கிக் காட்டினார். அதே காலத்தில் நியூயார்க் மாகாணத்தின் பிங்காம்டன் நகரில், பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்துப் பிள்ளையான எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளை வைத்து ஆடி அசையும் ஒரு பொம்மை விமானத்தைச் செய்தார். நமக்குத் தெரிந்த சிமுலேட்டர்களுக்கெல்லாம் மூதாதை அதுதான். ஆரம்பத்தில் அதைப் பெரும்பாலும் பொருட்காட்சிகளில்தான் வாங்கிவைத்தார்கள். 1934இல் அமெரிக்காவின் தபால் விமான ஒப்பந்தங்கள் ரத்தாகி, அந்த வேலை ராணுவ விமானிகளின் தலையில் விழுந்தது. குளிர்காலம், இரவு, மேகம். கருவிகளைப் பார்த்து ஓட்டிப் பழகாதவர்கள். சில வாரங்களிலேயே பலர் விழுந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கின் பெட்டிகளில் ஆறை, ஒன்று 3,500 டாலர் என்ற விலையில் வாங்கியது. இரண்டாம் உலகப்போருக்குள் லட்சக்கணக்கானவர்கள் அதில் பயிற்சி பெற்றுவிட்டார்கள்.

அந்தப் பெட்டிக்குள் அவர்கள் கற்றதுதான் இன்றுவரை விமானியின் அடிப்படைத் திறன். நடுவில், விமானத்தின் மூக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே, இறக்கை எந்தப் பக்கம் சாய்வு என்று காட்டும் கருவி. கண் அதிலிருந்து வேகத்துக்குப் போகும், திரும்பி வரும். உயரத்துக்குப் போகும், திரும்பி வரும். திசைக்குப் போகும், திரும்பி வரும். நிற்காத ஒரு சுற்று. கூடவே மனதில் ஒரு கணக்கு: மூக்கு இந்தக் கோணம், இன்ஜின் விசை இவ்வளவு என்றால் வேகம் இவ்வளவு வரும். கோணமும் விசையும் சரியாக இருந்தால் விமானம் சொன்னபடி கேட்கும். கை செய்வது இதில் கடைசி வேலை, சின்ன வேலை. மீதி எல்லாம் கண்ணும் மனதும்.

1983

ஸ்பெர்ரியின் கருவி அதற்குள் வளர்ந்துவிட்டது. 1933இல் வைலி போஸ்ட் தனியாக உலகத்தைச் சுற்றி வந்தபோது அவருக்குத் துணை ஸ்பெர்ரி நிறுவனத்தின் ஆட்டோபைலட். 1947இல் ஓர் அமெரிக்க ராணுவ விமானம், மேலேறுவது முதல் தரையிறங்குவது வரை ஆட்டோபைலட்டிலேயே அட்லாண்டிக்கைத் தாண்டியது. 1980களில் கணினித் திரைகள் நிறைந்த காக்பிட்டுகள் வந்தன. ஃபிளைட் இன்ஜினியர் என்ற மூன்றாவது ஆள் வீட்டுக்குப் போனார்.

இதெல்லாம் சோம்பேறித்தனத்தால் வரவில்லை. ஆட்டோபைலட் களைப்படையாது, எரிபொருளை மிச்சம் பிடிக்கும், ஓடுபாதையே தெரியாத மூடுபனியிலும் இறக்கும். இன்றைக்கு விமானப் பயணம் இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இதை மறந்துவிட்டு எழுதினால் "அந்தக் காலத்துல" என்று தொடங்கும் புலம்பலாகிவிடும்.

1983இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் தானியக்கத்தின் முரண்கள் குறித்து ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார். அவர் யோசித்தது முக்கியமாகத் தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றி. அவருடைய வாதத்தை நம் வார்த்தையில் சொன்னால் இப்படி: சுலபமான வேலைகளையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிடுகிறீர்கள். இயந்திரத்தால் முடியாத, மிகக் கடினமான தருணங்களை மட்டும் மனிதனுக்கு விட்டுவைக்கிறீர்கள். ஆனால் அந்தத் தருணத்துக்குத் தேவையான திறன், சுலபமான வேலையைத் தினமும் செய்தால்தான் தங்கும். இன்றைக்கு இயந்திரத்தை மேற்பார்வை பார்ப்பவர் நேற்று கையால் வேலை செய்தவர். அந்தத் தலைமுறை ஓய்வுபெற்றதும் என்ன செய்வீர்கள்? இயந்திரம் எவ்வளவு நம்பகமானதோ, மனிதனின் பயிற்சிக்கு அவ்வளவு கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது. மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போய்க்கொண்டிருந்த ஏர் கனடாவின் புத்தம்புது போயிங் 767, எரிபொருளை பவுண்டிலா கிலோவிலா அளப்பது என்ற குழப்பத்தில் 41,000 அடியில் வறண்டுபோனது. இரண்டு இன்ஜின்களும் நின்றன, திரைகள் பெரும்பாலும் இருண்டன. கேப்டன் ராபர்ட் பியர்சன் வார இறுதிகளில் கிளைடர் ஓட்டுபவர். கைவிடப்பட்ட கிம்லி விமானப்படைத் தளத்தை நெருங்கியபோது உயரம் அதிகமாக இருந்தது. கிளைடரில் செய்வதுபோல, அந்த மாபெரும் விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்தார். கார்ப்பந்தயத் தடமாக மாறியிருந்த ஓடுபாதையில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

பெயின்பிரிட்ஜ் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பியர்சனின் அந்தத் திறமை அவருடைய சொந்த நேரத்தில், பொழுதுபோக்காக வந்தது. பயணிகளின் உயிர் விமானியின் பொழுதுபோக்கைப் பொறுத்திருக்கக் கூடாது, இல்லையா?

பெங்களூரு, சான் பிரான்சிஸ்கோ

1990 பிப்ரவரி 14, நண்பகல் தாண்டிய நேரம். பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, பெங்களூரின் எச்ஏஎல் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏர்பஸ் ஏ320, இந்தியாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ரகம். வானம் தெளிவு. ஓடுபாதை கண்ணுக்கு எதிரே. விமானம் ஓடுபாதைக்கு முன்பாக இருந்த கோல்ஃப் மைதானத்தில் மோதியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள்.

இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. விமானம் "ஓபன் டிசென்ட்" என்ற நிலையில் இருந்தது. அதில் இன்ஜின்கள் குறைந்தபட்ச விசையிலேயே இருக்கும்; வேகத்தைக் காப்பது மூக்கின் கோணத்தின் பொறுப்பு. மூக்கைத் தூக்கிப் பிடித்தால் வேகம் கரையும். இறங்குவதற்கு இருக்க வேண்டிய வேகம் 132 நாட். அது 106 வரை விழுந்தது. இறங்கும் வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் உயரத்துக்கான குமிழ் திருப்பப்பட்டிருக்கலாம் என்று விசாரணை கருதியது. எது எப்படியோ, வேகமானி அந்த நேரம் முழுக்க இரண்டு விமானிகளின் கண்ணெதிரே இருந்தது. வேகத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்பது அந்த அறையில் சொல்லப்படாத அனுமானம்.

23 ஆண்டுகள் கழித்து, 2013 ஜூலை 6. சோலுக்கு அருகிலுள்ள இஞ்சானிலிருந்து வந்த ஏசியானா 214, போயிங் 777, சான் பிரான்சிஸ்கோவில் இறங்குகிறது. அங்கும் தெளிவான பகல். கட்டுமான வேலை காரணமாக, இறங்கும் சரிவைக் காட்டும் ரேடியோ சமிக்ஞை அன்று இல்லை. கண்ணால் பார்த்து இறக்க வேண்டும். ஓட்டியவருக்கு மொத்தம் 9,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம், ஆனால் 777க்குப் புதியவர். சமிக்ஞை இல்லாமல் இறக்குவது தனக்கு மிகுந்த அழுத்தமாக இருந்தது என்று பிறகு விசாரணையில் சொன்னார். அவர் தேர்ந்தெடுத்த ஒரு நிலையும், விசையைக் கையால் குறைத்ததும் சேர்ந்து, வேகத்தைக் காக்கும் தானியக்கம் ஒதுங்கிக்கொண்டது. அது விழித்திருக்கிறது என்றே அவர் நினைத்தார். இருக்க வேண்டியது 137 நாட். விழுந்தது 103 வரை. வால் கடல்சுவரில் மோதி முறிந்தது. 307 பேரில் மூன்று பேர் இறந்தார்கள்.

இந்த எண்களை நான் பலமுறை அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். 132, 106. 137, 103. வேறு கண்டம், வேறு நிறுவனம், வேறு விமானம், வேறு தலைமுறை. ஒரே விபத்து. கை நடுங்கியதால் வந்த விபத்து என்று இரண்டையும் சொல்ல முடியாது. கண் தன் சுற்றை நிறுத்திவிட்டது. வேகமானியைப் பார்த்துத் திரும்பும் அந்தப் பழைய பயணத்தை, "அதை அது பாத்துக்கும்" என்ற நம்பிக்கை துண்டித்துவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் எச்சரித்தவர்கள் இல்லாமலில்லை. 1997இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பயிற்சியாளர் வாரன் வாண்டர்பர்க் ஆற்றிய ஓர் உரையின் காணொளி விமானிகளிடையே இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. திரையில் போக வேண்டிய பாதை மெஜந்தா நிறக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைத் தொடர்ந்து போவதையே ஓட்டுவது என்று நினைப்பவர்களை அவர் மெஜந்தாவின் பிள்ளைகள் என்றார். அவருடைய மருந்து எளிமையானது. கணினி எதிர்பாராததைச் செய்தால் அதோடு மல்லுக்கட்டாதே. ஒரு படி கீழே இறங்கு. தேவைப்பட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விமானத்தை ஓட்டு.

35,000 அடியில் மூவர்

2009 ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447, நள்ளிரவு தாண்டி அட்லாண்டிக் மேல் 35,000 அடியில் போய்க்கொண்டிருந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களை உறைபனி அடைத்தது. வேக அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. கேப்டன் ஓய்வில் இருந்தார். இளைய விமானி கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுத்தார். விமானம் 38,000 அடிவரை ஏறி, வேகம் இழந்து, ஸ்டால் ஆகி விழத் தொடங்கியது. கேப்டன் திரும்பி வந்தபோதும் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆட்டோபைலட் விலகியதிலிருந்து கடலில் மோதும்வரை நாலரை நிமிடத்துக்கும் குறைவு. 228 பேர்.

அந்தக் குழாய்கள் ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டன. மூக்கை வழக்கமான இரண்டு மூன்று டிகிரியில் வைத்து, விசையை இருந்தபடியே விட்டிருந்தால் விமானம் தன்பாட்டில் போயிருக்கும். கோணமும் விசையும், லிங்க்கின் பெட்டியில் கற்றுக்கொடுத்த அதே பாடம்.

அந்த விமானிகளைத் திட்டுவது எளிது. ஆனால் அவர்கள் எங்கே பழகியிருக்க முடியும்? 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே விமானங்களின் செங்குத்து இடைவெளி முன்பு 2,000 அடி. 1997 முதல் படிப்படியாக 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. அவ்வளவு துல்லியத்துக்கு அங்கே ஆட்டோபைலட்தான் ஓட்ட வேண்டும் என்பது நடைமுறை. காற்று மெலிந்த அந்த உயரத்தில் விமானம் கைக்கு வேறு மாதிரி பதில் சொல்லும். அதைக் கையால் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி அவர்களுக்குத் தரப்பட்டிருக்கவில்லை என்பதை பிரெஞ்சு விசாரணை அமைப்பே பதிவு செய்தது. ஸ்டால் பயிற்சியும் அந்தக் காலத்தில் எச்சரிக்கை ஒலிக்கும் கட்டத்தோடு நின்றுவிடும். உயரத்தை இழக்காமல் மீள்வதுதான் மதிப்பெண். ஸ்டாலிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்தி உயரத்தை இழந்தே ஆக வேண்டும். தேர்வில் பாஸாவதற்கான வழியும் பிழைப்பதற்கான வழியும் எதிரெதிராக இருந்தன.

இன்னொரு விவரம், மென்பொருள் எழுதுபவனாக என்னைத் தூங்கவிடாதது. அளக்கப்பட்ட வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால் அந்தத் தரவு செல்லாது என்று கருதி, கணினி ஸ்டால் எச்சரிக்கையை நிறுத்திவிடும். ஆக, மூக்கு அபாயகரமாக மேலே இருக்கும்போது எச்சரிக்கை அடங்கியது. சரியான காரியத்தைச் செய்து மூக்கைத் தாழ்த்தினால், வேகம் கூடி, எச்சரிக்கை மறுபடி அலறியது. எங்கோ ஒரு பொறியாளர் மேஜையில் நியாயமாகத் தெரிந்த ஒரு நிபந்தனைதான். இரவில், கடலுக்கு மேலே, அது சரியைத் தப்பாகக் காட்டியது.

அதே ஆண்டு பிப்ரவரி 12இல் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் 3407 விழுந்தது. அங்கும் வேகம் குறைந்தது கவனிக்கப்படவில்லை. எச்சரிக்கை வந்ததும் கேப்டன் மூக்கைத் தாழ்த்தாமல் இழுத்தார். தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள்.

எது துருப்பிடிக்கிறது

இந்த மரணங்களுக்குப் பிறகு விதிகள் மாறின. முழு ஸ்டாலிலிருந்து மீள்வதை சிமுலேட்டரில் செய்துபார்ப்பது அமெரிக்காவில் 2019 முதல் கட்டாயம். வாய்ப்புள்ள போதெல்லாம் கையால் ஓட்டவிடுங்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2013 ஜனவரியில் நிறுவனங்களுக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது. ஏசியானா விபத்துக்குச் சரியாக ஆறு மாதம் முன்பு.

நாசாவின் ஸ்டீவ் காஸ்னரும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கதைக்கு முக்கியமான திருத்தம். 16 விமானிகளை 747 சிமுலேட்டரில் உட்காரவைத்து, தானியக்கத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். கைப்பழக்கமும் கருவிகளைப் படிக்கும் பழக்கமும் கொஞ்சம் துருப்பிடித்திருந்தாலும் பெரும்பாலும் இருந்தன. தடுமாறியது வேறிடத்தில்: வரைபடம் இல்லாமல் தான் எங்கே இருக்கிறோம் என்று கணிப்பதில், அடுத்து செய்ய வேண்டியதை முடிவு செய்வதில், ஒரு கருவி பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதில். ஆட்டோபைலட் ஓட்டும்போது மனதை விமானத்தோடு வைத்திருந்தவர்கள் குறைவாகவே தடுமாறினார்கள். வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தவர்கள் அதிகம்.

கை மறப்பது குறைவு. விமானத்துக்கு முன்னால் ஓட வேண்டிய மனம்தான் மறக்கிறது.

அதனால் நல்ல விமானிகள் இதைத் தினசரிப் பழக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். வானிலை தெளிவாக, நெரிசல் இல்லாமல் இருக்கும் நாளில் ஆட்டோபைலட், தானியங்கி விசை, "மூக்கை இங்கே வை" என்று வழிகாட்டும் ஃபிளைட் டைரக்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெறும் கருவிகளை வைத்து இறக்குகிறார்கள். ஆட்டோபைலட் ஓட்டும்போதும் இந்த எடைக்கு, இந்த உயரத்துக்கு மூக்கின் கோணம் எவ்வளவு, விசை எவ்வளவு என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் விடுமுறையில் கிளைடரோ சின்ன செஸ்னாவோ ஓட்டப் போகிறார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் யாராவது விலை கொடுக்க வேண்டும். சிமுலேட்டர் நேரம் பணம். கையால் ஓட்டும்போது எண்கள் கொஞ்சம் விலகும். ஒவ்வொரு விலகலும் பறத்தல் தரவில் பதிவாகி அலுவலகத்துக்குப் போகும். கேள்வி கேட்கப்படும் என்று தெரிந்தால் எந்த விமானி பழகுவார்? தானியக்கத்தை முழுமையாகப் பயன்படுத்துமாறு வலியுறுத்தும் கொள்கை ஏசியானாவில் இருந்ததைச் சுட்டிக்காட்டி, கையால் ஓட்ட அதிக இடம் கொடுங்கள் என்று அமெரிக்க விசாரணை வாரியம் பரிந்துரைத்தது. விமானி பழகாமல் போவது பெரும்பாலும் அவருடைய சோம்பல் கிடையாது. மேலே யாரோ போட்ட கணக்கு.

என் துறைக்கு வருகிறேன். இரவில் சர்வர் படுத்தால் எழுந்து சரிசெய்யும் முறைப்பணி எங்களுக்கு உண்டு. நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பட்டப்பகலில், எல்லோரும் விழித்திருக்கும்போது, முக்கிய டேட்டாபேஸை வேண்டுமென்றே கீழே இறக்கிக் கையால் மீட்டுப் பார்க்கிறோம். "நல்லா ஓடிட்டு இருக்கறதை ஏன்பா தொடறீங்க?" என்று ஒவ்வொருமுறையும் யாராவது கேட்பார்கள். இப்போது நிரலையே இயந்திரம் எழுதிக்கொடுக்கிறது. அது எழுதியது தப்பு என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிகிறது என்றால், பத்து வருடம் கையால் எழுதியதன் மிச்சம் அது. என் பக்கத்து இருக்கையில் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பத்து வருடத்தை யார் கொடுக்கப் போகிறார்கள்? பெயின்பிரிட்ஜின் கேள்விக்கு விமானத்துறை நாற்பது வருடமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது. நாங்கள் இன்னும் கேள்வித்தாளைப் பிரிக்கவில்லை.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதன் பிறகு ஏர்பஸ்ஸின் வலது இருக்கையில் உட்காரும் அந்த இளைஞர், நாள்தோறும் மெஜந்தாக் கோட்டைப் பார்த்தபடி இருக்கிறார். தெளிவான ஒரு காலையில், பக்கத்திலிருக்கும் கேப்டன் "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு நீயே இறக்குப்பா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னால்தான் அவருக்கு இந்தத் திறமை கைமாறும். அப்படியொரு காலையில் நீங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தால், விமானம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அசைந்து இறங்கலாம், சக்கரம் தரையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாகத் தொடலாம். முகம் சுளிக்காதீர்கள். என்றோ ஒருநாள், யாரோ ஒருவருடைய பயணத்துக்காக உங்கள் தலைக்கு முன்னால் ஒரு சேமிப்பு நடந்துகொண்டிருக்கிறது.